ஹேங்கர் கேட்ட ஒரே கேள்வி

மலைப்பாதை சைக்கிள் ஒன்றில் வாய் நீண்ட செயின் ஒன்று இருந்தது. பின்சக்கரத்துப் பக்கம் கியரை ஃபிரேமோடு பிடித்துக்கொண்டிருந்த ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டைக் கண்டாலே அதற்கு இளக்காரம்.

“உன்னை இரும்புல செஞ்சா என்னவாம்?” என்று சீண்டும்.

“எனக்கு இது போதும்க்கா” என்றுவிடும் ஹேங்கர்.

ஒருநாள் இறக்கத்தில் சைக்கிள் சரிந்து, கியர் பாறையில் மோதியது. ஹேங்கர் வளைந்தது. கியர் கோணிக்கொண்டதில் செயின் பல்லுக்குப் பல் தாவித் தடுமாறியது. வழியெல்லாம் வசவுதான்.

“அக்கா, ஃபிரேமுக்கு ஏதும் ஆச்சா?” என்று மட்டும் கேட்டது ஹேங்கர்.

“வளைஞ்சு கிடக்கிற உனக்கு அந்தக் கவலை வேறயா?”

கடையில் மெக்கானிக் பூவிழி ஹேங்கரைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். ஃபிரேமைத் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தாள்.

“மொத்த அடியையும் இதுவே வாங்கிக்கிச்சு. இரும்பா இருந்து வளையாம நின்னிருந்தா ஃபிரேமே உடைஞ்சிருக்கும். அப்புறம் சைக்கிளே இல்ல” என்றபடி புது ஹேங்கரை மாட்டினாள். அதுவும் அதே மெல்லிய அலுமினியம்தான்.

செயின் அதைச் சீண்டவில்லை. மேசைப் பக்கம் பார்த்து மெதுவாகச் சொன்னது:

“நீ கேட்டியே சாமி, ஃபிரேமுல ஒரு கீறல்கூட இல்ல.”