ஆள் பார்க்கிற பரீட்சை

"மேடம், இந்தப் பரீட்சைய ஆள் பாக்குறாங்களா, மெஷின் பாக்குதா?"

பரீட்சை நடத்துகிறவர்களின் உதவி எண்ணில் இருந்த பெண் வெடுக்கென்று சொன்னாள். "ரெண்டுலயும் காப்பியடிக்க முடியாது சார்."

பதக்கத்துக்குக் காது சூடாகிவிட்டது. இந்த வயதில் இப்படி ஒரு பேச்சு கேட்க வேண்டியிருக்கிறது.

பதக்கம் என்பது ஆபீஸில் வைத்த பெயர். மின்னஞ்சலில் தன் பெயருக்குக் கீழே அவர் வரிசையாக ஒட்டி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சான்றிதழ் முத்திரைகளைப் பார்த்து எவனோ ஒரு குறும்பன் வைத்தான். பெயர் நிலைத்துவிட்டது, ஆபீஸ்தான் நிலைக்கவில்லை. வாடகை தண்டம் என்று கட்டடத்தைக் காலி செய்து, எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து எல்லாமே எழுத்துதான். சர்வர் படுத்துவிட்டது என்று எழுத்தில் வரும். எழுப்பிவிட்டேன் என்று இவர் எழுத்தில் அனுப்புவார். நன்றிக்கு ஒரு கட்டைவிரல் படம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிடுவாள். சாப்பிட்டியா என்பாள். இவர் வாய் திறப்பதற்குள் அங்கே குக்கர் கத்தும், வைத்துவிடுவாள். கல்யாணம் பண்ணிக்கோ என்று அவள் உயிரை வாங்கியதெல்லாம் ஒரு காலம். அந்தத் தொணதொணப்பாவது மிச்சம் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மாலைக்குள் ஆளுக்கொரு சான்றிதழைத் தேர்ந்தெடுத்துச் சொல்லியாக வேண்டும். செலவு கம்பெனியுடையது. டீம் லீடர் இவரைவிட ரொம்பச் சின்னவள். டைப் அடிக்க நேரமில்லாமல் குரல் பதிவாகவே அனுப்பியிருந்தாள்.

"அண்ணா, கண்ண மூடிக்கிட்டு கிளவுட் எடுங்க. புது ப்ராஜெக்ட்ல உங்களத்தான் போடலாம்னு இருக்கேன். பழைய சர்வரையே கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு அழப்போறீங்க?"

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருந்தார். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பழைய சர்வர்களை ஒரு நாள் மூடிவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றத்தான் போகிறார்கள். கிளவுட் சான்றிதழ் இருந்தால் அன்றைக்கு வேலை தப்பும். படிக்கவும் அவருக்கு அலுப்பில்லை.

ஆனால் கிளவுட் பரீட்சையை மெஷின் பார்க்கிறது. வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறவரைக் கேமரா வழியாக மென்பொருளே கவனித்துக்கொள்ளும். கண் அலைந்தால் திரையில் ஒரு சிவப்பு வரி வரும், அவ்வளவுதான். செக்யூரிட்டி பரீட்சையும் அதே கதை.

"நெட்வொர்க் அடிப்படைக்கு மட்டும் இன்னும் ஆளுங்கதான் சார் பாக்குறாங்க" என்றாள் உதவி எண் பெண், வேண்டா வெறுப்பாக.

அது புதிதாக வேலைக்குச் சேரும் பொடிசுகள் எழுதுவது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்வார். அதற்கே பதிந்தார்.

"அண்ணா???" என்று டீம் லீடரிடமிருந்து வந்தது, எழுத்தில். இவர் ஒரு கட்டைவிரலைப் போட்டார்.

பரீட்சை நாளன்று வீட்டைப் பெருக்கித் துடைத்தார். தலையணை உறையை மாற்றினார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, யாரோ விருந்தாளி வரப்போவதைப் போல இரண்டு தடவை கண்ணாடி பார்த்தார்.

"வணக்கம் சார். ரூம ஒரு சுத்து காட்டுங்க" என்றது ஜலதோஷம் பிடித்த ஒரு குரல். முகம் தெரியாது, பார்க்கிறவர் முகத்தைக் காட்டுவதில்லை.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்லச் சுற்றிக் காட்டினார். கட்டில், அலமாரி, புத்தகத் தட்டு, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரம் வரைக்கும்.

"மரம் வேணாம் சார். வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க."

பரீட்சை எழுதும் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். இருந்தாலும் ஒருவர் வாயைத் திறந்து கேட்டதும் அவர் சட்டைக் காலரை நீவி விட்டுக்கொண்டார்.

"இனிமே நாம பேசக்கூடாது சார். கேமராவ விட்டு விலகுனா மொத ரெண்டு தடவ கூப்பிட்டுச் சொல்லுவேன். மூணாவது தடவ விலகுனா பரீட்ச கேன்சல்."

கேள்விகளெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாதியில் நாற்காலியை லேசாக ஓரமாக நகர்த்தினார்.

"சார், கேமராவுக்குள்ள வாங்க."

"மன்னிச்சுக்குங்க" என்று நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்தார். ஒன்று தீர்ந்தது. இன்னொன்றைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்.

கடைசிக் கேள்விக்கும் விடை போட்டாயிற்று. முடித்துவிட்டேன் என்ற பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் வேறு யாருடைய அறைக்கோ போய்விடும்.

எழுந்து போய், கேமராவுக்கு எட்டாத மூலையில் சுவரோடு சுவராக நின்றுகொண்டார்.

"சார்?"

மூச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு முறை கூப்பிடட்டும்.

குரல் இருமிவிட்டு, கொஞ்சம் பதறினாற்போலக் கேட்டது.

"சார்... இருக்கீங்களா?"

"இருக்கேங்க" என்றார்.