தட்டில் விரிந்தது

பாட்டைச் சத்தமாக வைத்தால், கீழ்வீட்டு வத்சலா அக்கா ஒட்டடைக்கம்பால் சீலிங்கை இடிப்பார். நான் குறைத்துவிடுவேன். அன்று எனக்கு அது கேட்கவே இல்லை. செருப்புக் காலோடு மேலே ஏறி வந்துவிட்டார்.

"நிறுத்துறியா, இல்ல ஹவுஸ் ஓனர்கிட்ட சொல்லிக் காலி பண்ண வைக்கட்டுமா?"

அம்மா ஸ்பீக்கர் பெட்டியைக் காட்டினாள். அவளுக்கு அது ஓர் அலமாரி. கோலப்பொடி சலித்த தட்டை அதன்மேல் வைத்திருந்தாள். நாதஸ்வரம் ஒரே சுரத்தில் நின்றது. பொடி நடுங்கியது, பிரிந்தது, ஓடிப்போய்க் கோடுகளாக நின்றது. எட்டு இதழ்கள். யார் விரலும் படவில்லை. சுரம் ஏறியதும் அது கலைந்து, பதினாறாக விரிந்தது.

"இத்தனை வருஷமா என் தலைக்கு மேல இதுவா நடந்துச்சு?"

அக்கா செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் காலையில் அவர் வாசலில் அதே எட்டிதழ்க் கோலம், ஆறு இதழோடு பாதியில் நின்றுபோயிருந்தது. நான் பாட்டை வைத்தேன். கீழிருந்து இடித்தார். பழக்கத்தில் குறைத்தேன். இன்னும் பலமாக இடித்தார், நான் கூட்டும்வரை.