வேலூர் லைன்

"இன்னிக்கு நான் கை கொடுக்க மாட்டேன், லில்லி. லைன் அறுந்தாலும் நீதான் சமாளிக்கணும்" என்றாள் தில்லையம்மாள்.

"சரிங்க, மேடம்."

காஞ்சிபுரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் லில்லிக்கு அது பயிற்சியின் கடைசி நாள். சூப்பர்வைசர் தில்லையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு ஹெட்போனில் அவள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். தேறிவிட்டாள் என்று அவள் சொன்னால் வேலை நிரந்தரம்.

லில்லி பக்கத்துக் கிராமமான மாகறல்காரி. தாத்தா காலம் வரை கழனி வேலை செய்து வந்த குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். வந்த புதிதில், வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளைக் கூப்பிடுவது போல "அலோ!" என்று கத்துவாள். மற்ற ஆபரேட்டர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது அவள் பேசினால் எந்த ஊர், என்ன வயது என்றே கண்டுபிடிக்க முடியாது. அந்தக் குரலைக் கொண்டுவர அவளும் தில்லையம்மாளும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"சண்டையோ சந்தோஷமோ, அது பேசறவங்களோடது. உன் குரல் ஏறவும் கூடாது, எறங்கவும் கூடாது" என்று தில்லையம்மாள் தினமும் கடிந்துகொள்வாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். போர்டில் வேலூர் விளக்கு எரிந்தது. லில்லி வயரைச் செருகினாள்.

"காஞ்சிபுரம்."

"வேலூர் ஆஸ்பத்திரி. அர்ஜண்ட் கால். பெரிய காஞ்சிபுரம், கலியாணசுந்தரம் பட்டுக்கடை."

லைன் போட்டுக் கொடுத்தாள். ஆனால் ஒரே இரைச்சல்.

"அலோ! அலோ! ஒண்ணும் காதுல வுழலபா!" என்று கத்தினார் கடைக்காரர் கலியாணசுந்தரம்.

இப்படி ஆகும்போது ஆபரேட்டர்தான் நடுவிலிருந்து ஒருவர் சொல்வதை மற்றவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். லில்லி வேலூர்ப் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்க, வேலூர். நான் சொல்லிடறேன்."

"சின்னப்பையன்னு ஒரு பேஷண்ட். காலைல ஆபரேஷன் ஆச்சு. இப்பதான் இறந்துட்டார். கடைக்காரருக்குச் சொல்லச் சொல்றாங்க."

ஆஸ்பத்திரிக்காரர் குரலுக்குப் பின்னால் ஒரு பெண் கதறுவது கேட்டது. தில்லையம்மாள் லில்லியைத் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையே இப்படி ஒரு சேதியா? 'சொல்லு' என்று லில்லிக்குக் கையைக் காட்டினாள்.

"சார், எக்ஸ்சேஞ்ச்லேர்ந்து பேசறேன். வேலூர் ஆஸ்பத்திரியிலேர்ந்து தகவல். ஆபரேஷனுக்கு அப்புறம் சின்னப்பையன் இறந்துட்டார்."

"என்னாது? சின்ன பையனா? எந்தப் பையன்மா? ஐயோ, எம் பேரன் வேலூர்லதான படிக்கிறான்!"

"பேரன் இல்லை, சார். பேரே சின்னப்பையன். உங்க சாயப்பட்டறையில வேலை செய்யறவர்."

கடைக்காரருக்கு இப்போது ஆள் புரிந்துவிட்டது.

"நான்தாம்மா பஸ் ஏத்தி வுட்டேன். சிரிச்சிக்கினே போனானே! பேரு கீரு மாத்திச் சொல்லிடப் போறாங்க. இன்னொரு தபா கேளுமா, உனக்குப் புண்ணியமாப் போவும்!"

லில்லி கேட்டாள். "வேலூர், வேற யாராவதா இருக்கப் போவுது. சரியாப் பாருங்க. அடையாளம் ஏதாவது இருக்குதா?"

"ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் செவப்புச் சாயம் ஏறியிருக்குது. அவர் சம்சாரமே இங்கதாம்மா நிக்கறாங்க."

"உறுதிதான், சார்" என்றாள் லில்லி, இந்தப் பக்கம்.

கலியாணசுந்தரம் குலுங்கி அழுதார். ஹெட்போனை மீறிக் கேட்ட அழுகையில் மற்ற ஆபரேட்டர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் வண்டி அனுப்பறேன்னு சொல்லுமா. அந்த அம்மாவ தனியா வுட வேணாம்னு சொல்லு. வீட்டுக்கே எடுத்துக்கினு வந்துரலாம்."

லில்லி ஒரு வார்த்தை விடாமல் வேலூருக்குச் சொன்னாள். அந்தப் பெண்ணின் கதறல் இன்னும் ஓயவில்லை.

"அவனுக்கு ஒரு பொண்ணு இருக்குதேமா. அதுக்கு யாரு போயி சொல்றது? எனக்குத் தெகிரியம் இல்லமா" என்றார் கலியாணசுந்தரம்.

லைனில் இரைச்சல் வந்து போனது.

"அவங்களுக்குத் தகவல் போயிடுச்சு, சார்."

கால் முடிந்தது. லில்லி வயரைப் பிடுங்கினாள். தில்லையம்மாள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் சாவு சேதி சொன்னப்ப நான் பாதியில எழுந்து ஓடிட்டேன்டி. நீ ஒரு வார்த்தை தடுமாறல. சாயங்காலம் வரைக்கும் பாக்க வேண்டியதே இல்லை. நீ பாஸ். இந்த நாற்காலி உன்னோடது."

லில்லி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். எழுந்து நின்றாள்.

"பயந்துட்டியா? போ, முகம் கழுவிக்கினு வா."

"இல்ல, மேடம். லீவு வேணும். இப்பவே போவணும்."

"வேலை கெடச்ச அன்னிக்கேவா? என்னடி அவசரம்?"

"வீட்டைத் திறந்து வைக்க ஆள் இல்ல, மேடம். அம்மாவும் வேலூர்லதான் இருக்குது" என்றாள் லில்லி. "எங்கப்பாவ எடுத்துக்கினு வர்றாங்க."