சுடலைமணியின் காலும் ஊரின் டீயும்

ஒரு செடியின் சாறு கிருமியைக் கொன்றுவிட்டால் அது மருந்தாகிவிடும். அப்புறம் அதை மாவட்டத்தில் யாரும் வாயில் வைக்கக் கூடாது. தினமும் தின்றால் கிருமிக்கும் அது பழகிவிடுமாம். மிளகும் பூண்டும் மஞ்சளும் அப்படித்தான் போயின. வெந்நீரில் புளியைக் கரைத்து, ரசம் என்று சொல்லிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

மூட்டை தூக்கும் சுடலைமணியின் காலைக் கொக்கி கிழித்துப் புண் அழுகியது. எந்த ஊசிக்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் புண்ணின் கிருமியைத் தட்டில் வளர்த்து, மிச்சமிருந்த செடிகளின் சாற்றை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, வட்டமாகத் தெளிந்திருந்தது.

"தேயிலை" என்றார் டாக்டரம்மா, குடித்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தபடி. "வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டா இன்னைக்கே மருந்துன்னு அறிவிச்சிரலாம். இல்லேன்னா முட்டிக்குக் கீழ எடுக்கணும்."

உடன் வந்த சுமைக்காரர்கள் அந்த டம்ளரைப் பார்த்தார்கள். அவர்களின் மேஸ்திரி சுடலைமணியின் மனைவி பேச்சித்தாயிடம், "தங்கச்சி, இப்பம்லாம் கட்டைக்கால் நல்லாச் செய்யுதாங்களாம்" என்றார்.

"அப்ப ஒங்க கால எடுத்துட்டு மாட்டிக்கிடுங்க அண்ணாச்சி."

கட்டிலில் கிடந்த சுடலைமணி அவள் கையைப் பிடித்தான். "அவசரப்படாத பேச்சி. டீ இல்லாம எப்படி மூட்டை தூக்க?"

"ஒத்தக் கால்ல எப்படித் தூக்குவீரு?"

கையெழுத்துப் போட்டாள். கேண்டீனில் அடுப்பை அணைத்தார்கள். சுமைக்காரர்கள் சுடலைமணியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், எந்த இடத்தில் வெட்டலாம் என்று கணக்குப் போடுவதுபோல.