ஊட்டாத கை

சமூகநல அதிகாரி நளினி ஓர் இல்லத்தைச் சோதனை போட வருகிறாள் என்றால், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வரமாட்டாள். அதுவும் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில்தான் கார் வாசலில் வந்து நிற்கும்.

“பெயின்ட் புதுசா அடிச்சிரலாம், பெட்ஷீட் புதுசா விரிச்சிரலாம். சோறு போடுற கையை ஒரே நாள்ல மாத்த முடியாது லா” என்பது அவள் கட்சி.

சுங்கை லாலாங்கில் பிரிஜெட் நடத்தும் இல்லத்திலும் அன்று அப்படித்தான் போய் இறங்கினாள். கற்றல் குறைபாடுள்ள பெரியவர்கள் ஏழு பேர் தங்கியிருக்கும் சின்ன வீடு அது.

கழிவறை சுத்தம். படுக்கை சுத்தம். ஜன்னல் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள், தூசி இல்லை. குற்றம் கண்டுபிடிப்பதில் பெயர் வாங்கிய நளினிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

“குடிக்கத் தே ஓ போடச் சொல்லவா மிஸ்?” என்றாள் பிரிஜெட்.

“வேணாம். எல்லாரும் சாப்பிடட்டும். நான் ஓரமா உக்காந்து பாக்குறேன்.”

சமையல்காரி மருதம்மாள் சோறும் கெம்போங் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து எஸ்டேட்டில் குடியிருப்பவள். வயசு அறுபதை நெருங்கும்.

சமைத்தவர் கையால் எல்லாருக்கும் முதல் வாய். அதற்குப் பிறகு அவரவர் சாப்பிட்டுக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுப் பழக்கம் அது.

மருதம்மாள் சோற்றைப் பிசைந்து, மீனில் முள் எடுத்து, லிண்டாவுக்கு ஊட்டினாள். “மெதுவா தின்னு தாயி, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க” என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். அடுத்து டெனிஸுக்கு ஒரு வாய். அவன் வாய் கொள்ளாமல் சிரித்தான். நளினிக்கே பசி எடுத்தது.

மேசைக் கோடியில் அய்யாவு வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தான். முப்பது வயசைத் தாண்டியவன். பேச்சு வராது. மருதம்மாள் ஒவ்வொருவராக ஊட்டிக்கொண்டு கிட்டே வர வர, அவன் கழுத்து நீண்டுகொண்டே வந்தது.

மருதம்மாள் அவன் முன்னால் தட்டை வைத்தாள். ஊட்டவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அய்யாவு அவள் கையைப் பிடித்தான். அவள் விரல் விரலாக விடுவித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். திறந்த வாயை மூடாமல் அவன் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஏக்கத்தைப் பார்க்க நளினியால் முடியவில்லை.

பிரிஜெட் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கரண்டியைக் கொடுத்தாள். அவன் அதைக் கீழே தள்ளிவிட்டான்.

“எப்பவும் இப்படித்தானா?” என்றாள் நளினி.

“அவன் இங்க வந்ததுலேருந்து இப்படித்தான் மிஸ். அவன் கையைப் பிடிச்சு நான்தான் அள்ள வைப்பேன்.”

“நீங்க கேக்கிறதில்லையா? ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா?”

பிரிஜெட் குனிந்து கரண்டியை எடுத்துத் துடைத்தாள். “அதை நான் சொல்றது முறையில்ல மிஸ். அக்காகிட்டயே கேளுங்க.”

கேட்காமல் விடுகிற ஆளா நளினி? விடுவிடுவென்று அடுப்படிக்குள் நுழைந்தாள். கதவிடுக்கு வழியாக மேசையையே பார்த்துக்கொண்டிருந்த மருதம்மாள், சட்டென்று திரும்பி அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“ஏம்மா, அந்தப் பையன் உங்களுக்கு என்ன பாவம் செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யல மிஸ்.”

“அப்புறம் ஏன் அவனுக்கு மட்டும் ஊட்டல? வாய்தான் பேசாது. மனசு இருக்குல்ல அவனுக்கு?”

மருதம்மாள் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

“நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், நாளைக்கே உங்களுக்கு இங்க வேலை இருக்காது. தெரியுமா?”

மருதம்மாள் துடைப்பதை நிறுத்தினாள். “அப்படிச் செஞ்சிறாதீங்க மிஸ். சம்பளம்கூட வேணாம். இங்கனயே ஒரு ஓரமா கெடந்துக்கிறேன்.”

“எதுக்கு? அந்தப் பிள்ளையை ஏங்க வச்சு வேடிக்கை பாக்கவா?”

சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று நளினிக்கே உறைத்தது. அதற்குள் வெளியிலிருந்து பிரிஜெட்டின் சத்தம் கேட்டது.

“அக்கா! அள்ளிட்டான்க்கா! அவனே அள்ளிச் சாப்பிடுறான்!”

மருதம்மாள் துணியைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினாள். ஆனால் வெளியே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

நளினி எட்டிப் பார்த்தாள். சட்டையெல்லாம் சோறும் குழம்புமாக, அய்யாவு மென்றுகொண்டிருந்தான். கண் மட்டும் இன்னும் அடுப்படிப் பக்கம்தான் இருந்தது. அவன் பார்வையில் படாமல் மருதம்மாள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

நளினிக்குக் கோபம் போய்க் குழப்பம் வந்தது. “இவ்வளவு ஆசையை வச்சுக்கிட்டு, ஒரு வாய் ஊட்டினா என்னம்மா?”

“போன வருசம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன் மிஸ். யார் ஊட்டியும் அவன் வாயைத் தொறக்கல. மூக்குல டியூப் விட்டுத்தான் உசிரைக் காப்பாத்துனாங்க. அப்புறம்தான் இங்க கொண்டாந்து சேத்தேன்.”

மருதம்மாள் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

“நான் பெத்த பிள்ளை மிஸ். என் கையைத் தவிர வேற கை தெரியாம வளத்துட்டேன். நாளைக்கு நான் இல்லாட்டியும் அவனுக்குப் பசிக்கும்ல?”