யானைக்கும் சேர்த்து

எழுத்தாளர் கதையிலிருந்து யானையை எடுத்துவிட்டார் என்று பதிப்பாசிரியர் சங்கரலிங்கம் போனில் சொன்னபோது, நிலோபர் அதை வரைந்தே முடித்திருந்தாள். பதினொரு நாள் வேலை. புத்தகத்தில் வராத படத்துக்கு இதுவரை யாரும் அவளுக்குக் காசு கொடுத்ததில்லை. மறுநாளே முழுத்தொகையும் வந்து விழுந்தது. உடனே சங்கரலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"யானைதான் புத்தகத்துல இல்லையே சார்?"

"நீங்க வரைஞ்சீங்கல்லம்மா."

அன்று அவளால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே மிச்சமிருந்த இரண்டு பக்கங்களை வரைந்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் சங்கரலிங்கத்தின் போன்.

"ஒன்பதாம் பக்கத்துல வாழைத்தோப்பே சாஞ்சு கெடக்கே, யாரும்மா மிதிச்சது?"

"நீங்க காசு குடுத்தீங்களே, அவன்தான். பத்தாம் பக்கத்தை மெதுவாத் திருப்புங்க சார்."