பின்பக்க நம்பர்

"டிவி, பிரிட்ஜெல்லாம் போனா போகட்டும்மா. வீட்டுச் சாமான் பாலிசியில முதல்ல இதைச் சேருங்க."

நிலத் தரகர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். பொருட்களை மதிப்பிட வந்திருந்த காப்பீட்டு நிறுவனப் பெண் அதைத் திருப்பி, லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"என்னம்மா, டூப்ளிகேட்டா?"

"அசல்தான் சார். பில் இருக்கா?"

"அப்பா கொடுத்தது. பில்லுக்கு நான் எங்க போக?"

"அப்ப, இதைக் கட்டிக்கிட்டு நீங்க நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும். பின்பக்க நம்பரை உங்க கையாலயே எழுதி, எத்தனை வருஷமா உங்ககிட்ட இருக்குன்னும் போட்டு, கையெழுத்துப் போடுங்க."

வாட்சைக் கட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்று, 'இருபது வருடங்களாக' என்று எழுதிக் கையெழுத்திட்டவர், எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டார்.

"காலம் கெட்டுக் கிடக்கு. இந்த மாதிரிப் பொருளுக்காக ஆளையே தீர்த்துடுவானுங்க."

"ஆமா சார்." அவள் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்தாள்.

"ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயில்ல வந்தேன் சார். கதவைத் திறந்தீங்கன்னா கிளம்புவேன்."

அவளையே ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் திறந்தார்.

"எப்ப முடியும்?"

"இன்னிக்கே ஆள் வருவாங்க."

தெருமுனை வரை நிதானமாக நடந்தவள், அதன் பிறகு ஓடினாள். காவல் நிலையத்தில் அந்தத் தாளையும் போட்டோவையும் நீட்டினாள்.

"மூணு வருஷமா இந்த நம்பரைத்தான் சார் தேடுறேன். இந்த வேலையில சேர்ந்ததே அதுக்குத்தான். எங்க கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த வாட்ச். என் வீட்டுக்காரரை ஏரியிலேருந்து தூக்கினப்ப, அவர் கை வெறுங்கையா இருந்துச்சு."